வீட்டுப் பட்டறை – 9: உப்புத்தாள்

சென்ற பகுதியில் எஞ்சினை இறக்கி, வயரிங்கைச் சுருட்டி வைத்து, அப்பாவின் புல்லட்டை வெறும் சட்டமும் இரண்டு சக்கரமுமாக மாட்டுக்கொட்டகையில் நிறுத்தியிருந்தேன். இந்தப் பகுதியில் பெயின்ட். சொல்வது பெயின்ட் வேலை என்றுதான். ஆனால் பன்னிரண்டு நாள் வேலையில் பெயின்ட் அடித்தது ஒரு மத்தியானமும் ஒரு காலைப்பொழுதும்தான். மீதி நாளெல்லாம் சுரண்டல், தேய்ப்பு, துடைப்பு.

எங்கள் ஊர் பெருமுக்கல்லில் இரும்புக்கு ஆயுசு குறைவு. கிழக்கே மரக்காணத்து உப்பளம். அந்தக் காற்றில் வரும் உப்பு, ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் ஒட்ட வைத்துவிடும். துருவுக்கு அது போதும். வெளியே பளிச்சென்று தெரிகிற துருவுக்கு நான் பயப்படுவதில்லை. பேட்டரிப் பெட்டிக்கு அடியில் ஆசிட் சொட்டிய இடம், சென்டர் ஸ்டாண்டு பொருந்தும் மூலை, அங்கேதான் பெயின்ட் கொப்புளம் கட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் சில்லாகப் பெயரும். அடியில் செங்கல் பொடி மாதிரி துரு.

பெயின்ட் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவிப் பத்து நிமிஷம் விட்டால் பழைய பூச்சு அப்பளம் போலச் சுருண்டு எழும். இதைத் திறந்த வெளியில், ரப்பர் கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும்; மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே சாய்த்துவிடும். பிறகு உப்புத்தாள். 80, 120, 220 என்று கரகரப்பிலிருந்து மென்மைக்கு. குழி விழுந்த துருவுக்குள் தாள் இறங்காது. அங்கே பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவத்தைத் தடவினால், துரு கறுத்து, இரும்புப் பாஸ்பேட்டாக மாறி அடங்கும்.

திண்டிவனத்தில் முப்பது வருஷமாக வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவர் முதல் நாளே எச்சரித்தார்: "தம்பி, கழுத்துல சேசிஸ் நம்பர் இருக்கு பாரு, அங்க மட்டும் கிரைண்டர வெச்சிடாத. அது போச்சுன்னா வண்டியே போச்சு." உண்மைதான். பதிவு 15 வருஷத்துக்கு. அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பதால் பழைய கறுப்பிலேயே நின்றுவிட்டேன். நம்பர் மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தேன். எங்கள் மலைமேல் முக்தியாலீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கல்வெட்டுப் படிப்பவர்கள் மைப்படி எடுப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

சட்டம் வெள்ளை இரும்பாக வந்ததும் எல்லாருக்கும் பெயின்ட் அடிக்கக் கை துடிக்கும். அடிக்காதீர்கள். விரிசல் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. குழாய்கள் கூடும் இடங்களில் மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போலக் கருங்கோடு ஓடும். எனக்கு ஓடவில்லை. ஓடியிருந்தால் பெயின்ட்டை மறந்துவிட்டு வெல்டரிடம் போயிருப்பேன்.

பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பட்டி, 400-ம் நம்பர் வாட்டர் பேப்பர். ஹார்டனர் கலக்கும் பெயின்ட் கல்லுமாதிரி நிற்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதா மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் எனக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் போதும் என்று முடிவெடுத்தேன்.

அதை ஐப்பசியில் அடித்ததுதான் தப்பு. மழை விட்டிருந்த மத்தியானம். கால் மணி நேரத்தில் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது இரும்பின் மேல்புறம் குளிர்ந்துபோகும். காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிந்து பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். முழுவதையும் தேய்த்து எடுத்தேன். மாசி பிறந்ததும், பனி விலகி வெயில் ஏறிய ஒரு காலையில், பக்கத்துக் கல் குவாரித் தூசு கிளம்புவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்து மறுபடி அடித்தேன். மெல்லிசாக நான்கு கோட்டு.

சக்கரத்துக்குப் பெயின்ட் கிடையாது. 19 அங்குல ரிம், குரோமியம் பூசியது. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல்துரு வந்துவிடும். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மை, கீறாது. உரிந்துபோன ரிம்மை மட்டும் முலாம் பூசுகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். அந்த அமிலத்தொட்டி வேலை வீட்டுக்கு ஆகாது. ஸ்போக்ஸ் கம்பி கழற்றிப் பூட்டினால் கோட்டம் பார்க்கும் ஆள் அவசியம். கால் திருப்பு கூடக்குறைய ஆனாலும் சக்கரம் பம்பரமாக ஆடும்.

பேட்டரி எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைத் தெரியவிட்டிருக்கிறேன். கழுத்தில் பட்டி வைக்கவில்லை, பெயின்ட்டும் ஒரே ஓட்டுதான். நகத்தை ஓட்டினால் எண்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகின்றன.

(தொடரும்)