நடைத்துணைக் கருவிகளும் அரசினர் காப்புறுதியும்

முதுமை எய்தியோர்க்கும் உறுப்புக் குறையுற்றோர்க்கும் நடத்தல் என்பது வெறும் உடற்றொழில் அன்று. தம் கருமத்தைத் தாமே ஆற்றும் உரிமையும் அதனுள் அடங்கும். அவ்வுரிமையைக் காக்கும் கருவிகளின் விலையை யார் ஏற்பது? இவ்வினாவிற்கு ஐக்கிய அமெரிக்க நாடு கண்ட விடையை ஈண்டு ஆராய்வாம்.

மெடிக்கேயர் எனப்படும் அரசினர் வைத்தியக் காப்புறுதிச் சட்டத்தில், 1965ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள், முன்னாட் சனாதிபதி ஹரி ட்ரூமன் முன்னிலையில், சனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு யூலை முதலாம் நாள் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 65 வயது நிரம்பியோர்க்கே உரியதாயிருந்த இக்காப்புறுதி, 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அவ்வயதை எட்டாத உறுப்புக் குறையுற்றோர்க்கும் விரிக்கப்பட்டது. எனினும், அவருட் பெரும்பாலோர் உதவிப்பணத்திற்கு உரியராகிய பின்னும் 24 மாதம் காத்திருத்தல் வேண்டும்.

ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி ஆகியவை இத்திட்டத்தின் 'பி' பிரிவில் நீடித்துழைக்கும் வைத்தியக் கருவிகள் என்னும் வகையுள் அடங்கும். ஆண்டுதோறும் ஒரு குறித்த தொகையை நோயாளர் முதலிற் செலுத்துவர். அதன்பின், அரசினர் ஏற்றுக்கொண்ட விலையில் நூற்றுக்கு 80 பங்கைக் காப்புறுதி கொடுக்க, எஞ்சிய 20 பங்கு நோயாளரைச் சாரும். சாதாரண சக்கர நாற்காலி முதலில் வாடகைக்கே கொடுக்கப்படும்; 13 மாதம் இடையறாது வாடகை செலுத்தப்பட்டபின் அது நோயாளரின் உடைமையாகும்.

யார்க்கு எக்கருவி தகும் என்பதை அறிதற்கு 2005ஆம் ஆண்டில் ஒரு படிமுறை வகுக்கப்பட்டது. குளித்தல், உடுத்தல், உண்ணல், மலசலம் கழித்தல் முதலிய அன்றாடக் கருமங்களை ஒருவர் வீட்டினுள் ஆற்ற இயலுமா என்பதே அடிப்படை வினா. ஊன்றுகோல் போதுமாயின் நடைச்சட்டம் இல்லை. நடைச்சட்டம் போதுமாயின் நாற்காலி இல்லை. கையால் உருட்டும் நாற்காலி பயன்படாதவிடத்தே மின்விசையால் இயங்குவது கருதப்படும். அதற்கு வைத்தியர் நோயாளரை நேரிற் பரிசோதித்து எழுதிய சான்றும் வேண்டும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. நோயாளரின் வீட்டிற் பயன்படும் கருவி என்றே சட்டம் கூறுகின்றது. வைத்தியசாலையில் உள்ளோர்க்கு அவ்விடமே கருவி வழங்குமாதலின், அதனை விலக்கவே அத்தொடர் அமைந்தது என்பர் உறுப்புக் குறையுற்றோர்க்காக வாதிடுவோர். நிருவாகத்தினரோ, வீட்டினுள் தேவைப்பட்டாலன்றிக் கருவி இல்லை எனப் பொருள் கொண்டனர். பெற்ற நாற்காலியை வெளியே கொண்டுசெல்லத் தடையில்லை. ஆயினும், சுவரைப் பற்றியேனும் அறைக்கு அறை செல்ல வல்லவர், கடைத்தெருவிற்குச் செல்ல இயலாதவராயினும், அந்நாற்காலியைப் பெறுதல் அரிது. பார்வையற்றோரின் வெண்கோலுக்கும் இக்காப்புறுதி இல்லை. அது நோய்க்குப் பரிகாரமாகாது, அடையாளமும் தற்றுணையுமே என்பது காரணம்.

பொதுப்பணம் வீணாகாமற் காத்தல் அரசினர் கடனே. மின்விசை நாற்காலிகளின் பெயரால் அந்நாட்டில் மோசடிகள் நிகழ்ந்தமையும் மறுத்தற்கில்லை. ஆனால், வீட்டு வாயிலோடு ஒருவர் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. உறவினரைக் காணலும், வழிபாட்டிற்குச் செல்லலும், தொழில் புரிதலும் வாயிலுக்கு அப்பாலே உள்ளன. சட்டத்தில் ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருள், ஒருவர் செல்லக்கூடிய தூரத்தையே வரையறுத்துவிடுகின்றது. சட்டம் இயற்றுவோரும் அதற்கு உரை காண்போரும் இதனை உளங்கொள்ளல் வேண்டும்.