பட்டி நாய்க்கும் ஒரு முட்டை

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஆட்டுப்பட்டிக்கும் கடலைக் காட்டுக்கும் காவல் கிடக்கும் நாய்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பல நாய்களுக்கு ரோமம் செம்பட்டை பாய்ந்து, தேங்காய் நார் மாதிரி முரடாக நிற்கும். முதுகில் விரல் விட்டுப் பிரித்தால் வேரோரம் பொடுகு உதிரும். சிலவற்றுக்கு மூக்கோரத்திலும் கண்ணைச் சுற்றியும் தோல் தடித்துப் பக்குக் கட்டியிருக்கும். சொறி பிடித்துவிட்டது என்று விரட்டுகிறோம். அதற்கு முன் அதன் சோற்றுச் சட்டியை ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

சட்டியில் கிடப்பது நேற்றைய ராகிக் களி. மேலே கொஞ்சம் மோர். மறுநாளும் அதேதான். மனிதருக்குத் தெம்பு தரும் தானியம் என்பதில் சந்தேகமில்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் புரதம் 7 கிராம் அளவுதான். நாயின் ரோமமோ பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அதன் அன்றாடப் புரதத் தேவையில் கால் பங்குக்கு மேல் தோலுக்கும் ரோமத்துக்குமே போய்விடும். புரதம் பற்றாதபோது உடம்பு முதலில் கைவிடுவது ரோமத்தைத்தான்.

இன்னொரு சிக்கல் துத்தநாகம். தானியத்தின் தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள், குடலில் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கால்சியம் மிகுந்தாலும் இதே தடைதான். துத்தநாகம் குறைந்தால் கண், வாய், மூக்கோரங்களில் பக்குக் கட்டும்; வளரும் குட்டிகளுக்குச் சீக்கிரம் வரும். களியே கதி என்று வளரும் குட்டிக்கு, எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

களியை நிறுத்தச் சொல்லவில்லை. ராகியை ஊறவைத்தோ முளைகட்டியோ அரைத்தால் ஃபைட்டேட் குறையும். நடுத்தர நாய்க்குத் தினம் ஒரு வேகவைத்த முட்டை போதும், பெரிய மாற்றம் தெரியும். பச்சை முட்டை வேண்டாம். அதன் வெள்ளைக்கரு, தோலுக்குத் தேவையான பயோட்டினைக் கட்டிவிடும். கோழிக்கடை ஈரலை வாரம் இருமுறை சிறு துண்டாக வேகவைத்துப் போடலாம். ஒகேனக்கலில் மீன் நறுக்கும் இடத்தில் ஒதுக்கும் தலைகளை வேகவைத்து, முள் நீக்கிச் சதையைப் பிசைந்து கொடுக்கலாம். மத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. தோல் அரிப்பைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு அதில் அதிகம். நல்லெண்ணெய் ஒரு சிறு கரண்டி சோற்றில் விட்டால் ரோமத்துக்கு மினுமினுப்பு வரும். தேங்காய் எண்ணெயில் அதற்கான லினோலெயிக் அமிலம் மிகக் குறைவு. வெங்காயம் போட்ட குழம்பும், வெந்த கோழி எலும்பும் கூடவே கூடாது.

உண்ணி இருக்கும் வரை எந்தச் சாப்பாடும் முழுப்பலன் தராது. குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் பட்டியின் கல் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போடும் நாளிலேயே படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்து, வெடிப்புகளைப் பூசிவிட வேண்டும். வண்டியில் இறக்கிய கழிவு ஆயிலையும் மண்ணெண்ணெயையும் நாய் மேல் பூசுவது கொடுமை. தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம் உள்ளே போகும். நாம் குளிக்கும் சோப்பும் அதன் தோலுக்கு ஒத்துவராது. நாய்க்கான ஷாம்பூ போட்டு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும். தினம் ஐந்து நிமிஷம் சீவிவிடுவது அதைவிடப் பெரிய உதவி.

ரோமம் மாறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் ரோமம் திட்டுத்திட்டாகக் கொட்டினாலும், ராத்திரி முழுக்கச் சொறிந்தாலும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்பு தொடங்கினாலும் அது சாப்பாட்டுக் குறை அல்ல, சொறிப்பூச்சியாக இருக்கலாம். அன்றே பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். போன கையோடு வெறிநோய்த் தடுப்பூசியையும் போட்டு வந்துவிடுங்கள்.