மாட்டின் வயிற்றில் காந்தம்!

குழந்தைகளே! கால்நடை மருத்துவக் கல்லூரி என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர்தானே? அவர் வருவதற்கு முன்பே, இருள் பிரியும் நேரத்தில், அங்கே சிலர் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். சாணம் அள்ளுபவர், தீவனம் வைப்பவர், குழாயும் மின்விளக்கும் பழுது பார்ப்பவர் என்று பலர். இன்று அவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நம் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கப்பட்டது. இப்போது வேப்பேரியில் இருக்கிறது. இதுபோன்ற கல்லூரிகளில் மாணவர்கள் படிப்பதற்காகவே மாடு, ஆடு, கோழிகளை வளர்ப்பார்கள். நோயுற்ற பிராணிகளும் சிகிச்சைக்கு வரும்.

கொட்டகையைக் கழுவுவது எளிது என்றா நினைக்கிறீர்கள்? சாணத்தை வழித்துக் கழுவிய பிறகுதான் கிருமிநாசினி தெளிக்க வேண்டும். சாணத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைப் போட்டால் அதன் வீரியம் போய்விடும், கிருமி சாகாது. தரை வழவழப்பாக இருக்கக்கூடாது. 400 கிலோ எடையுள்ள பசு வழுக்கி விழுந்தால் எழுப்புவது பெரும்பாடு. அதனால் தரையில் கோடு கோடாகப் பள்ளம் போட்டிருப்பார்கள்.

பசுவின் உடல் வெப்பம் சுமார் 101 டிகிரி பாரன்ஹீட். நமக்கென்றால் அது காய்ச்சல்! பசுவுக்கு அதுதான் இயல்பு. "இன்று இது அசை போடவில்லையே" என்று முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் தீவனம் வைப்பவர்தான். அவர் சொன்ன பிறகுதான் டாக்டர் வெப்பமானியை எடுப்பார்.

இப்போது காந்தத்துக்கு வருவோம். வேலி கட்டும்போது வெட்டிய கம்பித்துண்டு ஒன்று புல்லில் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் சோற்றில் கல்லைக் கண்டால் துப்பிவிடுவோம். மாடு அப்படியல்ல. நாக்கால் புல்லைச் சுருட்டி, சரியாக மெல்லாமலே விழுங்கிவிடும். கம்பியும் உள்ளே போகும். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. தேன்கூடு போன்ற சுவருள்ள இரண்டாவது அறையில் கம்பி தங்கிவிடும். அந்த அறைக்கு முன்னால், மெல்லிய உதரவிதானத்துக்கு அப்பால், இதயம் இருக்கிறது. அறை சுருங்கும்போது கம்பி குத்திக்கொண்டு முன்னேறி, இதயத்தைச் சுற்றியுள்ள உறையையே துளைத்துவிடலாம். பிறகு மாட்டைக் காப்பாற்றுவது கடினம்.

நான் வேலை பார்த்த கிராமத்தில் ஒரு கறவைப் பசு இப்படித்தான் இறந்தது. அந்த வீட்டுப் பையன் என் வகுப்பு. இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. விரல் நீளமுள்ள, முனை மழுங்கிய காந்தம் ஒன்றை மாட்டை விழுங்கச் செய்வார்கள். அது அந்த அறையிலேயே கிடந்து ஆணியையும் கம்பியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு, அலுமினியக் கம்பிகளிடம் இந்த வித்தை பலிக்காது!

அதனால்தான் நல்ல பணியாளர் வேலி கட்டி முடித்ததும் உடனே கிளம்பிவிடுவதில்லை. குனிந்து, வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்ட பிறகுதான் மாடுகளை அவிழ்த்துவிடச் சொல்வார்.