இடம் மாறிய நூலகப் பள்ளி

நூலகப் பணிக்கென அமெரிக்காவில் முதலில் பள்ளி கண்டது நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரி. தசமப் பகுப்பு முறையை வகுத்த மெல்வில் டியூயி 1883-இல் அங்கே தலைமை நூலகராக வந்தார். மூத்தவர் பக்கத்தில் நின்று பழகும் கைத்தொழிலாகவே அதுவரை இருந்த வேலைக்குப் பாடத்திட்டம் எழுதி, கல்லூரித் தலைவர் பார்னார்டின் ஆதரவோடு 1884-இல் அறங்காவலர்களின் ஒப்புதலைப் பெற்றார்.

1887 ஜனவரி 5 அன்று பள்ளி தொடங்கியது. சேர்ந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். வந்தது வினை. பெண்களை வகுப்பறைக்குள் விட முடியாது என்றார்கள் அறங்காவலர்கள். சிற்றாலயத்தின் மாடியில் கிடந்த சாமான் அறையை ஒழித்துத்தான் வகுப்பு நடந்தது.

பாடங்கள் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தவை: நூல் வாங்குவது, பகுப்பது, பட்டியலிடுவது, பைண்டிங் செய்விப்பது. தட்டச்சு இன்னும் பரவாத காலம் என்பதால் அட்டைப் பட்டியலைக் கையால்தான் எழுத வேண்டும். அதற்கென்றே சாய்வில்லாமல், உருண்டையாக எழுதும் ஒரு கையெழுத்தை அந்தக்கால நூலகப் பள்ளிகள் பழக்கின. பத்துப் பேர் எழுதினாலும் ஒருவர் எழுதியதுபோல் இருக்க வேண்டும், அழகு இரண்டாம்பட்சம்.

அறங்காவலர்களோடு மோதல் முற்றி, 1888 இறுதியில் டியூயி பதவி விலகினார். மறு ஆண்டு பள்ளியும் அவர் பின்னால் ஆல்பனிக்குப் போய், மாநில நூலகத்தின் பொறுப்பில் இயங்கியது. ஒரு தனிமனிதரை நம்பி நின்ற நிர்வாகம் வேறு எப்படி முடியும்?

எழுத்தர் வேலையையும் நூலகர் வேலையையும் ஒன்றாகக் குழப்புவதை நிறுத்த வேண்டும், நூலகப் பள்ளிகள் பல்கலைக்கழகங்களுக்குள் இருக்க வேண்டும் என்று கார்னெகி நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையில் 1923-இல் வலியுறுத்தினார் சார்லஸ் வில்லியம்சன். அதன்படியே 1926-இல் ஆல்பனிப் பள்ளியும் நியூயார்க் பொது நூலகத்தின் பள்ளியும் இணைந்து கொலம்பியாவுக்கு வந்தன. பல்கலைக்கழக நூலகங்களின் இயக்குநர், பள்ளியின் முதல்வர் என்ற இரு பதவிகளும் வில்லியம்சனிடமே இருந்தன. பயிற்சிக்கூடமும் வகுப்பும் ஒரே கையில் இருந்தது பள்ளிக்கு நல்ல பலம்.

அந்தப் பலமும் நிரந்தரமாக இல்லை. பள்ளியை மூடுவதென்று 1990-இல் கொலம்பியா முடிவெடுத்தது. முன்னாள் மாணவர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை. 1992-இல் கதவு அடைபட்டது. அங்கே 1983-இல் தொடங்கிய அரிய நூல் பள்ளி மட்டும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்து இன்றும் நடக்கிறது.