வதந்தியும் ஆட்கடத்தலும்

2018ஆம் ஆண்டு, குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதென்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே நாடெங்கும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கிய மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில், நாடோடிச் சமூகத்தார் ஐவர் கொல்லப்பட்டனர். இவர்களுள் எவரும் கடத்தல்காரர் அல்லர்.

ஆட்கடத்தல் பொய்யன்று, ஆயினும், அது வதந்தி காட்டும் முகத்துடன் வருவதில்லை. பெரும்பாலும் அறிமுகமான ஒருவரே வேலை வாங்கித் தருவதாகக் கூறுவார், முன்பணமும் கொடுப்பார். அதனை நம்பிச் செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ செல்லும் குடும்பம், கடன் தீரும்வரை வெளியேற இயலாமல் சிக்கிக்கொள்ளும். வலிந்து தூக்கிச் செல்வது மட்டுமன்று; சுரண்டும் நோக்குடன் ஏமாற்றி அழைத்துச் செல்வதும் ஆட்கடத்தலே.

இதனை நமது அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், அத்தகைய கடனைச் செல்லாததாக்கி, சிக்கியோரை விடுவிக்கிறது.

வதந்தி நம் பார்வையை அயலார்மீது திருப்புகிறது. அருகிலிருக்கும் தரகர் தப்பிவிடுகிறார். எனவே, ஐயம் எழும்போது செய்தியைப் பரப்பாமல், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ தெரிவிப்பதே ஓர் உயிரைக் காக்கும் வழியாகும்.