பாருக்குக் கால் இல்லை

மார்க்கெட்டில் அயிலை வாங்கும்போது அது எந்த ஆழத்தில் பிடிபட்டது என்று யாரும் கேட்பதில்லை. செவுள் சிவப்பா என்று தூக்கிப் பார்ப்போம், விலை பேசுவோம், அவ்வளவுதான். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கணக்கு எடுத்து வைத்திருக்கிறது. அயிலை மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரிகிற மீன். 1985-89இல் பிடிபட்ட அயிலையில், கடலடியைத் துழாவும் இழுவை மடிகளில் சிக்கியது 2 சதவீதம்தான். 2003-07இல் அது ஏறத்தாழ 15 சதவீதம். மேலே சூடு கூடியதால் மீன் கீழே இறங்கியிருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதற்கிடையே படகும் மடியும்கூட மாறியிருக்கின்றன. பழி முழுவதையும் வெயிலின் தலையில் கட்ட எனக்குத் துணிவில்லை.

மத்தியின் கதை இன்னும் தெளிவானது. மலையாளிகள் உயிரை விடும் இந்த மீன், நம் பக்கம் பேச்சாளை. 1980களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கரையோடு நின்றது. கிழக்குக் கரையில் பேருக்குத்தான் கிடைக்கும். பிறகு தமிழ்நாடு, ஆந்திரம் என்று ஏறி வந்துவிட்டது. இங்கே கரையேறும் மத்தி, ஐஸ் பெட்டியில் படுத்தபடி லாரியில் கேரளத்துக்கே திரும்பிப் போகிறது. சங்கரா இடத்தை மாற்றவில்லை, மாதத்தை மாற்றிக்கொண்டது. சென்னைக் கடலில் கோடையில் சினை பிடித்துக்கொண்டிருந்த சங்கராக்கள் 1980களுக்குப் பிறகு குறைந்து, அக்டோபர் முதல் மார்ச் வரையான குளிர்ந்த மாதங்களில் சினை பிடிப்பவை கூடியிருக்கின்றன. கத்திரி வெயிலுக்குப் பயந்து கல்யாணத்தைத் தள்ளிப்போடும் வீடு மாதிரி.

துடுப்பு இருப்பவை ஏதோ ஒரு வழி பார்க்கின்றன. பாருக்கு அந்த வசதி கிடையாது.

பார் என்பது மீனவர்கள் பவளப்பாறையைச் சொல்கிற சொல். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பார்கள் கிடக்கின்றன; 117 வகைக் கடினப் பவளங்கள். தொட்டால் கல்தான். ஆனால் அதன் மேல்தோலில் கடுகளவுக் குழிகள்; குழிக்கு ஒரு உயிர். அந்த உயிரின் சதை கண்ணாடி மாதிரி, நிறமே இல்லாதது. நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையவை. குடியிருக்க இடம் தந்ததற்கு வாடகையாக, வெயிலில் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பாசி கொடுத்துவிடும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் கணக்கு கெடுகிறது. பாசியின் சமையல் பழுதாகி, சதையை அரிக்கும் வகை ஆக்சிஜன் கசிகிறது. பவளம் குடியிருப்பவர்களைக் காலி செய்துவிடுகிறது. அப்புறம் கண்ணாடிச் சதை வழியே உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். செத்துப்போனது என்று நினைப்போம். சாகவில்லை, பட்டினி கிடக்கிறது.

பட்டினி எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. சித்திரை, வைகாசியில் வெளிறும் பார், கச்சான் காற்று எழும்பித் தண்ணீரைக் கலக்கிக் குளிரவைத்த பிறகு மெல்லத் தேறும். பாசி மறுபடி குடிவரும். பல ஆண்டுகள் இப்படியே ஓடின. 2016இல் ஓடவில்லை. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முங்கி அளந்தபோது, பாரில் ஏறத்தாழ 39 சதவீதமாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு 23 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அதிகம் மாண்டவை மான்கொம்பு போலக் கிளைக்கும் வகைகள். உருண்டைப் பாறை வகைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. உலகம் முழுக்கப் பவளங்கள் வெளிறுவதாக 2024 ஏப்ரலில் நான்காவது முறையாக அறிவிக்கப்பட்டபோது மன்னார் வளைகுடாவும் அதற்குத் தப்பவில்லை.

செத்த பாரைப் பாசியும் கடற்பஞ்சும் மூடும். கிளையிடுக்கில் ஒண்டியிருந்த குஞ்சு மீன்களுக்கு மறைவிடம் போகும். அவற்றைத் தின்று பிழைத்த களவாவுக்கு இரை போகும். அலை நேராகத் தீவில் மோதும். சுண்ணாம்புக் காளவாய்களுக்காக நாமே பவளத்தை வெட்டி எடுத்த காலத்தில் இதன் ஒத்திகை நடந்து முடிந்திருக்கிறது: பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில்.

தூத்துக்குடிப் பக்கம் சிமென்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி நடுகிறார்கள். நாற்று நடுவது போலத்தான், ரகம் பார்க்க வேண்டும். மான்கொம்பு ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். சில ஆண்டுகளில் பார் பழைய காடு மாதிரி ஆகிவிடும். ஆனால் அடுத்த சூட்டில் முதலில் வெளிறப்போவதும் அதுதான். சூட்டைத் தாங்கும் உருண்டை வகையோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம்.