எம்டனின் பீரங்கிக்கு ஒரு சுவிட்ச்

சின்னக் கடற்படை – 9

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனில் மொத்தம் பத்து பீரங்கிகள். முன் தளத்தில் பக்கம் பக்கமாக இரண்டு, பின் தளத்தில் அதேபோல் இரண்டு, நடுவே இடப்புறம் மூன்று, வலப்புறம் மூன்று. கப்பல் பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஒரே நேரத்தில் ஐந்துதான் சுட முடியும். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸுக்கு எதிரே வந்து நின்றபோது, முதலில் தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டது. பிறகு ஏறக்குறைய 3,000 கெஜத்திலிருந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டது.

நூற்றில் ஒரு பங்கு அளவில் நாம் கட்டிவரும் எம்டன் 118 சென்டிமீட்டர் நீளம். பீரங்கிக் குழல் 4.2 சென்டிமீட்டர், அதன் வாய் 1 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த வாயில் எந்த எல்.இ.டி.யும் நுழையாது. அதனால் பித்தளைக் குழாயைக் குழலாக வைத்து, உள்ளே முக்கால் மில்லிமீட்டர் ஒளி இழையை விட்டு, இழையின் மறு முனையைத் தளத்துக்கு அடியில் இருக்கும் எல்.இ.டி.யின் தலையில் ஒட்டிவிடுகிறோம். ஐந்து குழல்களையும் ஒரு கம்பியில் கோத்து, சின்ன சோலனாய்டு (மின்காந்தச் சுருள்) ஒன்றால் பின்னுக்கு இழுத்தால் சுட்ட மாதிரி உதைக்கும்.

குண்டு வேண்டாமா என்று திருப்பதியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் 1970களின் கடைசியிலிருந்து அப்படி ஒரு விளையாட்டு உண்டு. பால்சா மரத் தகடு போர்த்திய கப்பல்கள், அழுத்திய கரியமில வாயுவால் இரும்பு ரவைகளைச் சுட்டு ஒன்றையொன்று ஓட்டை போட்டு மூழ்கடிக்கும். கரையில் நிற்பவர்கள் கண்ணுக்குக் கவசம் இல்லாமல் நிற்கக் கூடாது. நம் ஊர் ஏரிக்கரையில் ரிமோட் கப்பல் ஓடினால் எத்தனை பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ரவை இல்லை, மத்தாப்பு மருந்து இல்லை. ஒளியும் ஒலியும் உதைப்பும் போதும்.

இனி வயரிங். ரிசீவரில் ஒரு சேனலுக்கு மூன்று கம்பிகள்: ப்ளஸ், மைனஸ், சிக்னல். சிக்னல் கம்பியில் விநாடிக்கு 50 முறை ஒரு துடிப்பு வரும். துடிப்பு 1 மில்லி விநாடி நீளம் என்றால் கையிலுள்ள குச்சி ஒரு கோடியில் இருக்கிறது; 2 மில்லி விநாடி என்றால் மறு கோடியில். பழைய முறையில் இந்தத் துடிப்பை ஒரு சர்வோவுக்குக் கொடுத்து, அதன் கை ஒரு மைக்ரோ சுவிட்சை அமுக்கும்படி வைப்பார்கள். நம்பகமான முறைதான். ஆனால் இடத்தை அடைக்கும். ஈரம் பட்டுப் பட்டு சுவிட்சின் தொடுமுனை கறுக்கும்.

நாம் துடிப்பை நேராக ஒரு அட்டைனி85 சிப்புக்குக் கொடுக்கிறோம். துடிப்பு 1.7 மில்லி விநாடியைத் தாண்டினால் ‘சுடு’, 1.6க்குக் கீழே வந்தால் ‘நிறுத்து’. இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால், குச்சி அந்த எல்லையில் நிற்கும்போது பீரங்கி நடுங்கும்.

சிப்பால் சோலனாய்டை நேராக இயக்க முடியாது, அதற்கு மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச். ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். நடுவில் வரும் ‘எல்’ முக்கியம். கடையில் தாராளமாகக் கிடைக்கும் ஐஆர்எஃப்இசட்44என் பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், ஆனால் சிப் தரும் 5 வோல்ட்டுக்கு முழுதாகத் திறக்காது, சூடாகும். மாஸ்ஃபெட்டின் கேட் முனையிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சிப் விழித்துக்கொள்ளும்வரை மாஸ்ஃபெட்டை மூடி வைத்திருப்பது அதுதான். சோலனாய்டின் இரு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு ப்ளஸ் பக்கம். இதை விட்டுவிட்டால், சுருளில் மின்சாரம் நிற்கும் கணத்தில் எழும் உதை மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். பீரங்கிக்குத் தனி பேட்டரி வைத்தாலும் அதன் மைனஸும் ரிசீவரின் மைனஸும் சேர்ந்திருக்க வேண்டும். ‘சர்க்யூட் சரிதான், வேலை செய்யவில்லை’ என்று வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கம்பியில் முடிகின்றன.

ஒளி நிரலில் ஒரு சின்ன நுணுக்கம். ஐந்தையும் ஒரே கணத்தில் மின்னவிடாதீர்கள். ஐந்து பீரங்கியையும் ஐந்து குழு ஆட்கள் கையால் நிரப்பிய காலம் அது. முன்னே பின்னே ஐம்பது, நூறு மில்லி விநாடி தள்ளி மின்னட்டும். ஓசையையும் அரை விநாடி தாமதப்படுத்துங்கள். 3,000 கெஜத்தைக் கடக்க ஓசைக்கு ஏறக்குறைய 8 விநாடி ஆகும். குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டின் வேகம் விநாடிக்கு 690 மீட்டர், ஓசையைப் போல இரண்டு மடங்கு. அன்றிரவு துறைமுகத்தில் இருந்தவர்களுக்கு வெளிச்சம் முதலில், குண்டு அடுத்து, பீரங்கிச் சத்தம் கடைசியில்.

இதெல்லாம் சுவிட்ச் போடும் பாதி. விடுவதுதான் கடினமான பாதி. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ரேடியோவால் ஒரு இரும்புப் படகை ஓட்டிக் காட்டினார். அதற்கான காப்புரிமை எண் 613,809. அந்தப் படகின் காது, உலோகத் தூள் அடைத்த ஒரு குழாய். ரேடியோ அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அலை நின்ற பிறகும் விடாது. அதனால் ஒவ்வொரு சைகைக்குப் பிறகும் குழாய் தலைகீழாகப் புரளும்படி டெஸ்லா ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

விடாத சுவிட்சின் தொல்லையைச் சித்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு விளக்கவே தேவையில்லை. போர்வெல் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பார். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வறண்ட போரில் ஓடி வைண்டிங் கருகும். ஊரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் டிரான்ஸ்ஃபார்மரும் திணறும். செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர்களில் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஒரு ஃபேஸ் போனாலும் நிறுத்தும் வசதியை வைத்திருப்பது இதற்காகத்தான். கரன்ட் போகும்போது கெடாத மோட்டார் கரன்ட் வரும்போது கெடுகிறது.

நம் சிப்புக்கும் அதே புத்தியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பேட்டரி போட்டவுடன், குச்சி ‘நிறுத்து’ நிலையில் இருப்பதை ஒரு முறை பார்த்த பிறகே அடுத்த ‘சுடு’வை ஏற்க வேண்டும். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் துடிப்பே வராவிட்டால் எல்லாம் அணைய வேண்டும். ஆனால் இது மட்டும் போதாது. சில மலிவான ரிசீவர்கள் தொடர்பு அறுந்தாலும் கடைசி நிலையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்; சிப்புக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆகவே குச்சியை எவ்வளவு நேரம் பிடித்தாலும் சோலனாய்டு 2 விநாடிக்கு மேல் இழுக்கக் கூடாது என்று நிரலில் ஒரு உச்சவரம்பு. ரிசீவரில் ஃபெயில்-சேஃப் வசதி இருந்தால் அதிலும் ‘நிறுத்து’ நிலையைப் பதிந்துவிடுங்கள். தேடுவிளக்குச் சேனல் மட்டும் விதிவிலக்கு: ஒரு தட்டில் எரிந்து, மறு தட்டில் அணையலாம். தொடர்பு அறுந்தால் அது எரிந்துகொண்டே இருப்பதும் நல்லதே, இருட்டில் கப்பலைத் தேட உதவும்.

தொடர்பு ஏன் அறும்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ஆன்டெனாவை அடித்தளத்தில் சுருட்டி வைத்தால் மேசையில் வேலை செய்யும் கப்பல், சித்தூர் கட்டமஞ்சி ஏரியில் பத்து மீட்டர் தாண்டியதும் செவிடாகும். புகைபோக்கிக்குள் நிமிர்த்தி வையுங்கள். எம்டனுக்கு மூன்று இருக்கின்றன.

பெரிய கருவிகளும் ஒரு சுவிட்சை நம்பித்தான் இருக்கின்றன. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் காதங்கி வரும். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1,024 ஆன்டெனாக்கள். மெகாவாட் கணக்கில் துடிப்பை அனுப்பும் அதே ஆன்டெனாதான், மேலிருந்து திரும்பும் மிக மெல்லிய எதிரொலியையும் கேட்கிறது. நடுவில் இருக்கும் மின்னணு சுவிட்ச் கணம் பிசகினால் கேட்கும் கருவி பொசுங்கிவிடும். வேலையின் அளவு வேறு, கவலை நம்முடையதுதான்.

என்.சி.சி. கடற்படைப் பிரிவின் நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரி கட்டுவது போட்டியாகவே நடக்கிறது. அதற்குத் தயாராகும் மாணவர்களும் இந்தத் தொடரைப் படிப்பதால் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ஒலிப்பெட்டிக்குப் போவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்: கப்பலை மேசையில் வைத்து, ‘சுடு’ குச்சியைப் பிடித்தபடியே டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை மீண்டும் போட்டு, குச்சியைப் பிடித்தபடியே கப்பலின் பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள். பத்துப் பதினைந்து முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதில் ஒரு முறை பீரங்கி தானாகச் சுட்டாலும் அந்தச் சுவிட்ச் தண்ணீருக்குத் தயாரில்லை.

(தொடரும்)